குதிரைக்காரரே நடுவராக உட்காரலாமா?

திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுதும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். குதிரைப் பந்தயத்தைக் கண்காணிக்கும் அமைப்புகளில் குதிரை உரிமையாளர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வண்டிப் பந்தயக் குழுவிலும் இதே நிலைதான், தலைமையும் பலவீனமானது. நானும் அந்தக் குழுவில் ஒருவன், என் சித்தப்பாவின் குதிரை இந்த ஆண்டு ஓடப்போகிறது. நேர்மையும் துணிச்சலும் உள்ள தலைவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இப்படிக் கேட்டுவிட்டு, அந்தக் குதிரையின் முன்கால் குளம்பில் சிறு வெடிப்பு இருப்பதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பார்த்தவுடன் இது மனிதர்களின் நேர்மையைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தத் தீர்ப்பால் தனக்கே நஷ்டம் வருமோ அந்தத் தீர்ப்பைச் சொல்லும்படி ஒருவரை உட்கார வைத்தது யார் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். வேப்பேரியில் படித்துவிட்டு மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தேன். ரேஸ் கிளப் எதிலும் வேலை பார்த்ததில்லை. சட்டம் படித்தவனும் இல்லை. குதிரையின் உடம்பைப் பற்றி மருத்துவனாகச் சொல்கிறேன். நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லும்போது எது பதிவாகியிருக்கும் செய்தி, எது என் கருத்து என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழாவையொட்டிக் குதிரை வண்டிப் பந்தயம். ஓடும் குதிரைகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். விழாக் குழு அனுப்பிய காரில்தான் போனேன். அவர்கள் வாங்கிக் கொடுத்த காலைச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன். அந்த வயதில் அதில் எனக்குத் தவறு ஒன்றும் தெரியவில்லை. பெரிய குதிரைப் பிரிவில் ஒரு கருஞ்சிவப்புக் குதிரையைக் கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேராக ஓட்டிக் காட்டச் சொன்னேன். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையை இறக்கும். இதை மறைக்க எந்தக் குதிரைக்கும் தெரியாது. அது இடது முன்காலை வைக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கியது. குளம்பில் கை வைத்தால் சூடு. குளம்புக்குச் சற்று மேலே விரல் வைத்தால் நாடி துள்ளுகிறது. ‘ஓடத் தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன்.

அந்தத் தலைவர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். யாரிடமும் பைசா வாங்காதவர். ஆனால் குதிரை அவருடைய மைத்துனருடையது. அவர் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. “இருங்கள் டாக்டர், குழுவில் பேசி முடிவு செய்வோம்” என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே இருந்தார்கள். சின்னக் குதிரைகள் ஓடி முடிந்தன. பெரிய குதிரைகள் வரிசைக்கு வந்தன. பேச்சு முடியவில்லை, கொடி அசைந்துவிட்டது. எல்லைக் கல்லைத் தொட்டுத் திரும்பி வரும் வழியில் அந்தக் குதிரை முன்காலை மடித்து விழுந்தது. வண்டி ஓட்டிய பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. குதிரைக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் அதற்குக் கடைசி ஊசி போட்டவன் நான்தான். காகிதம் அப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த மனிதரை இன்றும் நான் அயோக்கியர் என்று சொல்லமாட்டேன். மைத்துனருக்கு எதிராக ‘ஓடக் கூடாது’ என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. மருத்துவருக்கு எதிராக ‘ஓடட்டும்’ என்று சொல்லவும் முடியவில்லை. அதனால் ஒன்றுமே சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்கே அதில் சொந்த ஆதாயம் இருப்பதை ஆதாய முரண் என்பார்கள். நடைமுறையில் அது இப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் யாருக்கும் கவர் கொடுப்பதில்லை. முடிவு தள்ளிப்போகிறது, தள்ளிப்போனதே முடிவாகிவிடுகிறது. பலவீனமான தலைமை என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதைத்தான்.

கலிபோர்னியாவில் 2018-இல் நடந்தது இதே கதையின் பெரிய வடிவம். ஜஸ்டிஃபை என்ற குதிரை ஏப்ரல் 7 அன்று சாண்டா அனிட்டா டெர்பியில் வென்றது. அங்கே எடுத்த சிறுநீர் மாதிரியில் ஸ்கோபோலமின் என்ற மருந்து, அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருப்பதாக ஏப்ரல் மாதத்திலேயே ஆய்வகம் மாநிலப் பந்தய வாரியத்துக்குத் தெரிவித்தது. அந்தப் பந்தயத்தில் வென்றதால்தான் குதிரைக்கு கென்டக்கி டெர்பியில் ஓடும் வாய்ப்பு உறுதியாகியிருந்தது. கென்டக்கி டெர்பி மே 5 அன்று. வாரியம் அதற்குள் எதையும் முடிக்கவில்லை. குதிரை கென்டக்கியில் வென்றது. ஜூனில் மூன்றாவது பெரிய பந்தயத்தையும் வென்று, மூன்றிலும் வெல்லும் குதிரைக்குக் கிடைக்கும் மும்முடிப் பட்டத்தைச் சூடியது. ஆகஸ்டில் மூடிய கதவுக்குள் கூடிய வாரியம் வழக்கைக் கைவிட்டது. 2019 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் வாரியத் தலைவராக இருந்தவருக்கு, ஜஸ்டிஃபையின் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டிடம் பயிற்சி பெற்ற வேறு குதிரைகளில் பங்கு இருந்தது. அந்த மாநிலத்தின் விதிகள் அதைத் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவும் பதிவான செய்தி.

மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்பது வேறு கேள்வி. அதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஸ்கோபோலமின் நம் ஊர் ஊமத்தையில் இருக்கும் பொருள். அமெரிக்காவில் வைக்கோலோடு கலந்து வரும் ஜிம்சன் என்ற களைச்செடி ஊமத்தையின் நெருங்கிய உறவு. அதே காலத்தில் வேறு பயிற்சியாளர்களின் குதிரைகளிலும் அதன் தடயம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் தட்டையோடு ஊமத்தை கலந்து, தின்ற மாடு கண்மணி விரிந்து தள்ளாடி நின்றதை நானே பார்த்து வைத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே தீவனம் வழியாக வந்திருக்கலாம் என்ற விளக்கத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் இந்த விளக்கம் உண்மையாகவே இருந்தாலும் வாரியத்தின் மேல் விழுந்த கறை போகாது. திறந்த விசாரணையில் சொல்லியிருந்தால் நம்பியிருக்கக்கூடிய ஒன்றை, பங்கு வைத்திருக்கும் தலைவரின் கீழ் மூடிய அறையில் முடித்ததால் யாரும் நம்பவில்லை. ஆதாய முரணில் முதலில் அடிபடுவது உண்மைதான். குற்றமற்றவருக்குக்கூடக் குற்றமற்றவர் என்ற பெயர் கிடைக்காமல் போகிறது. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அந்தக் குதிரையின் சாண்டா அனிட்டா வெற்றிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஐந்தரை ஆண்டு கழித்து வந்த தீர்ப்பால் இரண்டாவதாக வந்த குதிரைக்கு என்ன லாபம்?

இது அமெரிக்காவோடு முடிகிற விஷயமில்லை. இங்கிலாந்தில் ஜாக்கி கிளப் என்ற தனியார் சங்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து 2006 வரை பந்தயத்தின் சட்டமாகவே இருந்தது. விதி எழுதுவது அது, உரிமம் கொடுப்பது அது, தண்டிப்பதும் அது. பந்தய மைதானங்களின் சொந்தக்காரரும் அதுவே. 2006-இல்தான் கண்காணிப்பு தனி அமைப்பு ஒன்றுக்குப் போனது, 2007-இல் இன்றைய ஆணையம் வந்தது. அதன் பிறகும் ஆணைய வாரியத்தில் மைதானக்காரர்களும் குதிரைக்காரர்களும் பரிந்துரைத்தவர்கள் இருந்தார்கள். புதிய தலைவராக அறிவிக்கப்பட்ட சார்லஸ் ஆலன், வாரியம் முழுக்கச் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, 2025 ஜூனில் ஏற்க வேண்டிய பொறுப்பைச் செப்டம்பர் வரை தள்ளிவைத்தார். உட்காருவதற்கு முன்பே நாற்காலி எந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று கேட்ட தலைவர் அவர். தலைமை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கேள்விதான்.

இனி நம் நாடு. இந்தியாவில் குதிரைப் பந்தயத்துக்கென்று தேசிய அளவில் சட்டபூர்வமான ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது. மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், சென்னை என்று அந்தந்த கிளப்பே தன் வட்டாரத்தின் அதிகாரம். பந்தயத்தை நடத்துவது கிளப். ஜாக்கிக்கும் டிரெயினருக்கும் உரிமம் கொடுப்பது கிளப். பந்தயப் பணத்திலிருந்து கழிவு எடுப்பது கிளப். பந்தயப் பணம் வாங்கும் தரகரான புக்கிக்குக் கடை போட இடம் கொடுப்பதும் கிளப். தவறு நடந்தால் விசாரிக்கும் ஸ்டூவர்டுகளும் கிளப் உறுப்பினர்களிடையிலிருந்தே வருகிறார்கள். அவர்களில் குதிரை வைத்திருப்பவர்கள் பலர். சம்பளம் வாங்கும் ஸ்டூவர்டுகள் தனியே உண்டு. ஆனால் அந்தச் சம்பளமும் கிளப் கொடுப்பதுதான். ‘தன் குதிரை சம்பந்தப்பட்ட விசாரணை வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்’ என்று சமாதானம் சொல்வார்கள். இன்று அவர் வெளியே போகிறார், நாளை உள்ளே உட்கார்ந்திருப்பவரின் குதிரை விசாரணைக்கு வருகிறது. இருவருக்கும் அது தெரியும். அறையை விட்டு எழுந்து போவது இதற்கு மருந்தாகாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் ஏன் யாரும் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்கவில்லை என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-இல் சென்னை ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று சொல்லி கிளப் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-இல் ஊட்டியில் கிளப் வைத்திருந்த 52 ஏக்கரை அரசு மீட்டது. அதே ஆண்டு கிண்டி நிலத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. ஐம்பது ஆண்டுகளாக இங்கே நடந்த சண்டை, பந்தயம் இருக்கலாமா கூடாதா, நிலம் யாருக்கு என்பதுதான். இருக்கிற வரையில் அதை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு அந்தச் சண்டையில் இடமே கிடைக்கவில்லை. ஒழிக்க நினைத்தவர்களுக்கு அதைச் சீராக்கும் அக்கறை வரவில்லை. காப்பாற்ற நினைத்தவர்கள் குறை இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் நின்றது குதிரையும், காலையில் அதன் மேல் ஏறும் ஜாக்கிப் பையனும்.

‘அப்படியானால் அரசே நடத்தட்டும்’ என்பீர்கள். அதிலும் கவனம் வேண்டும். பந்தயம் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாயிற்று. வரி வாங்குகிற கைக்கும் பந்தயம் நின்றுவிடக் கூடாது என்ற ஆசை இருக்கும். நம் ஜல்லிக்கட்டையே பாருங்கள். 2017 விதிகளுக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் பொறுப்பில் வந்தது. காளைகளைக் கால்நடைத் துறை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அவனியாபுரத்தில் யார் நடத்துவது என்று ஊருக்குள்ளேயே தகராறு வந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் நடத்தச் சொன்ன ஆண்டுகளும் உண்டு. நான் கண்ணால் பார்த்தவரை, மருத்துவப் பரிசோதனை முன்னைவிட நிச்சயமாக ஒழுங்குபட்டிருக்கிறது. ஆனால் பிரமுகரின் காளை வரிசையில் நிற்கும்போது இளம் மருத்துவர் ஒருவரின் கை பேனாவில் தயங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மாறுதல் உத்தரவு எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும்.

பாண்டிய நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துக்கொண்டே இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு வராதபடி குதிரை விற்கும் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 தினார், வழியில் செத்தாலும் அரசுக் கருவூலம் விலை கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகிறார். அந்தக் குதிரைகளை அனுப்பியவரின் சகோதரரே பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார் என்பதும் அவர் எழுதியதுதான். இவற்றைக் கேட்டெழுதிய சாட்சிகளாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் கட்டமைப்பைப் பாருங்கள்: விற்பவர், வாங்க ஒப்புதல் தருபவர், துறைமுகத்தில் எண்ணிப் பார்ப்பவர் மூவரும் ஒரே குடும்பம், நஷ்டம் மட்டும் கருவூலத்துக்கு. மருத்துவனாக என்னை உறுத்துவது வைத்தியரை வரவிடாதது. குதிரையைப் பற்றி உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் முதலில் தள்ளி வைக்கிறார்கள். அன்றும் அதுதான், மேலூர்ப் பக்கத்திலும் அதுதான்.

சட்டம் எழுதி இதைச் சரி செய்ய முடியுமா? ஓரளவு முடியும். அமெரிக்காவில் சாண்டா அனிட்டா மைதானத்தில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரையிலான ஒரே பருவத்தில் 30 குதிரைகள் செத்தபோது நாடே கொதித்தது. 2020 டிசம்பரில் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த வாரியத்தில் ஒன்பது பேர். ஐந்து பேர் பந்தயத் துறைக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும், நான்கு பேர் மட்டுமே துறைக்காரர்கள். அந்த ஒன்பது பேருக்கோ அவர்களின் நெருங்கிய குடும்பத்தினருக்கோ பந்தயக் குதிரைகளில் பண ஆதாயம் இருக்கக் கூடாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. குதிரையைத் தெரிந்தவர்களை ஒரேயடியாக வெளியே தள்ளினால் குளம்பு எது கொம்பு எது என்று தெரியாதவர்கள் முடிவெடுப்பார்கள், அதுவும் ஆபத்துதான். தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், ஆனால் எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும்.

ஆகவே நல்ல தலைவர் வந்தால் போதுமா என்ற கேள்விக்கு என் பதில்: போதாது. மேலூர்ப் பக்கத்துத் தலைவர் நல்லவர்தான். நல்ல ஏற்பாடு இருந்து தலைவர் கோழையாக இருந்தாலும் காரியம் கெடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டில் முதலில் எதைச் செய்வது என்று கேட்டால் ஏற்பாட்டைத்தான் சொல்வேன். துணிச்சலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. துணிச்சல் தேவைப்படும் தருணங்களைக் குறைக்க முடியும். அன்று அந்தக் காகிதம் தலைவரின் சட்டைப் பைக்குப் போகாமல் காவல் ஆய்வாளரின் கைக்குப் போயிருந்தால், அவர் மைத்துனரிடம் ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகச் சொல்லியிருப்பார். உறவும் கெட்டிருக்காது, குதிரையும் பிழைத்திருக்கும்.

அதன் பிறகு நான் வண்டிப் பந்தயம் எதற்கும் குழுவின் காரில் போனதில்லை. என் மோட்டார் சைக்கிளில் போவேன், வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். சான்றை மூன்று பிரதிகள் எழுதுவேன்: ஒன்று குழுவுக்கு, ஒன்று காவல்துறைக்கு, ஒன்று குதிரைக்காரருக்கு. கொடி அசைப்பவரின் கையில் தகுதி பெற்ற குதிரைகளின் பட்டியல் போய்ச் சேரும்வரை பந்தயம் தொடங்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வேன். சில ஊர்களில் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். ஓரிரு ஊர்களில் அடுத்த ஆண்டு வேறு மருத்துவரைக் கேட்டார்கள். உங்கள் குழுவும் இதையே செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை. மருத்துவரின் பயணச் செலவை எல்லாக் குதிரைக்காரர்களும் கட்டும் நுழைவுக் கட்டணத்திலிருந்து முன்பே ஒதுக்கிவிட்டால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

உங்களைப் பொறுத்தவரை, சித்தப்பாவின் குதிரை ஓடுகிற ஆண்டில் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பது போதாது. அந்த ஓர் ஆண்டுக்குக் குழுவிலிருந்தே விலகிவிடுங்கள். சித்தப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், பிறர் வழியாகத் தெரிய வேண்டாம். போகும்போது அந்தக் குளம்பு வெடிப்பையும் பாருங்கள். தரைப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சிறிதளவு கீறியிருந்தால் சீவி, லாடத்தைச் சரியாக அமைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வந்திருந்தால், அல்லது அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொண்டால், லாடம் அடிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த ஆண்டு அதை வண்டியில் பூட்டக் கூடாது.